மூன்று வருடமாக நகராத மேகம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இங்கே சுகம், உன் சுகத்தைத் தெரிவி என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், சுகம் என்று எழுதிய கையோடு அதை அடித்தும்விட்டேன், மேலே அந்தக் கறுப்புக் கோடு தெரியும் பார். பொய்யில் ஆரம்பிக்க மனம் வரவில்லை. நீ எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, போன தடவை வீடியோவில் பார்த்தபோது கன்னம் ஒட்டிப்போய் இருந்தது, இடுப்பு வலி குறைந்ததா, அந்த நாற்காலியை மாற்றச் சொன்னேனே மாற்றினாயா. இதையெல்லாம் இந்தக் கோபத்திலும் கேட்கத்தான் செய்வேன், பெற்றவளுக்குக் கோபம் ஒரு பக்கம் இருந்தால் கவலை இன்னொரு பக்கம் அது பாட்டுக்கு இருக்கும். ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடிதம் முழுக்கக் கோபம்தான். போனில் பேசினால் ஒரு நிமிஷம்மா மீட்டிங் என்று பாதியில் வெட்டிவிடுகிறாய். காகிதத்தை அப்படி வெட்ட முடியாது, உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படி.

ஐந்தாவது சூளை விஷயம் உனக்குத் தெரியும், இருந்தாலும் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நீ பாதிதான் கேட்டாய். நாலு சுண்ணாம்புச் சூளை போதாதென்று ஐந்தாவதைப் பள்ளிக்கூடத்துப் பின்சுவரை ஒட்டிக் கட்டப் போகிறார்கள். உன் அக்கா பாடம் நடத்துகிற அதே பள்ளிக்கூடம்தான், இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். இப்போதே காற்று அந்தப் பக்கம் திரும்பினால் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டுத்தான் பாடம் நடக்கிறது, அப்படியும் பெஞ்சில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூள். இரண்டாம் வகுப்பில் மட்டும் ஏழு பிள்ளைகள் பையில் புத்தகத்தோடு இன்ஹேலரும் கொண்டு வருகிறார்கள். அதனால் இந்த மாதம் முதல் தேதி கருத்துக் கேட்புக் கூட்டம் என்றதும் ஊரே கிளம்பிப் போனது, நானும் இரண்டு சலவை மெஷினையும் நிறுத்திவிட்டு, வேலைக்கு வரும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு போனேன். உன் அக்கா நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அவள் முறை வருவதற்கு முன்னால் கம்பெனி இன்ஜினியர் எழுந்தான். அதுதான் நாங்கள் இஸ்திரிச் சட்டை என்று கூப்பிடுகிறோமே அவன்தான், மடிப்புக் கலையாமல் உட்காருவானே. ஒரு படத்தைப் பெரிதாக அச்சடித்து இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினான். செயற்கைக்கோளில் இருந்து மூன்று வருடம் அளந்து எடுத்த சராசரிப் படமாம், எங்கெங்கே கந்தகப் புகை, எங்கெங்கே நைட்ரஜன் புகை என்று நிறம் நிறமாகக் காட்டுமாம், சிவப்பு என்றால் மோசம், பச்சை என்றால் சுத்தம். நம் ஊர் பச்சைப் பசேல் என்று இருந்தது. அதன் அடியில் உன் பெயர் இருந்தது.

எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. அதே படம் நம் முன்னறையில் டி.வி.க்கு மேலே ஆணியில் தொங்குகிறது, உன் அப்பா கண்ணாடி போட்டு மாட்டியது. வருகிறவர் போகிறவர் எல்லோரையும் அதன் முன்னால் நிறுத்தி, சின்னவன் போட்ட படம் என்று சொல்லாமல் காபி கொடுக்க விட்டதில்லை அந்த மனிதர். இஸ்திரிச் சட்டைக்கு அது தெரியும், அவனும் அந்தக் காபியைக் குடித்தவன்தான். கூட்டத்தில் நேராக அப்பாவைப் பார்த்து, முப்பத்தொரு வருஷம் சூளையில் நெருப்பு பார்த்த மாஸ்டர் இங்கேயே இருக்கிறார், அவரிடமே கேட்போம் என்றான். "மாஸ்டர், இது உங்க பையன் வேலைதானே? அவரு தப்பா போடுவாரா?" என்று கேட்டான். அப்பா எழுந்து நின்றார். எழுந்ததுக்கே மூச்சு வாங்கியது. சூளை வேண்டாம் என்று அவரும் எழுதி வைத்திருந்ததை எல்லாம் பேசத்தான் எழுந்தார், ஆனால் மகனைப் பற்றிக் கேட்டதும் வாயில் வேறு எதுவும் வரவில்லை. "ஆமா, என் பையன்தான். தப்பா போட மாட்டான்," என்றார், அதோடு இருமல் வந்துவிட்டது, உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தை நடத்த வந்த அதிகாரி அதை எழுதிக்கொண்டார். உன் அக்காவின் நாலு பக்கத்தையும் அவள் வாசித்தாள், யார் கேட்டார்கள்? முன்வரிசையில் இருந்தவர்களே, நம்ம ஊர்ப் பையனே சொல்லிட்டான் அப்புறம் என்ன என்று எழுந்து போனார்கள். புகை தின்று தேய்ந்த நெஞ்சை வைத்துக்கொண்டு புகையே இல்லை என்று சாட்சி சொல்லிவிட்டு வந்தார் உன் அப்பா. அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த கோபத்தில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவருக்கு நாலு அடி முன்னாலேயே நடந்தேன். அப்புறம்தான் யோசித்தேன், அவர் பாவம், நம்பினார். நம்பும்படி படம் போட்டவன் நீ.

மறுநாள் உனக்குப் போன் செய்தேன். நினைவிருக்கிறதா? நான் சண்டைக்கு வரவில்லை, கேட்கத்தான் வந்தேன், ஏன்டா நம் ஊர் பச்சையாக இருக்கிறது என்று. நீ என்ன சொன்னாய்? "அம்மா, தரையில இருந்து பாக்கிறவங்களுக்கு எல்லாமே புகையாத்தான் தெரியும். நீ ஒரு நாள் நாத்தத்தை வச்சு சொல்ற, நான் மூணு வருஷ அளவை வச்சு சொல்றேன்." இந்த வார்த்தையைத்தான் நான் இத்தனை நாளும் மென்றுகொண்டிருக்கிறேன். தரையில் இருந்து பார்க்கிறவள். சரிதான், நான் தரையில்தான் இருக்கிறேன், ஆஸ்பத்திரி விரிப்பும் விடுதி விரிப்பும் துவைத்துக் காயப்போடுகிறவள்தான். அந்தக் காய்கிற விரிப்புக்குக் கீழே உட்கார்ந்து படித்துத்தான் நீ மேலே போனாய். எனக்கு மூக்கு மட்டும் இருக்கிறது என்று நினைத்துவிட்டாய் போலிருக்கிறது.

நான் விட்டாலும் உன் அக்கா விடவில்லை. உன் படத்தை விட்டுவிட்டு, படத்துக்கு அடியில் இருக்கிற தினசரிக் கணக்கை எடுத்தாள், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று நீங்களே போட்டிருக்கிறீர்களாமே. நாலு சாயங்காலம் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு நாளும் மத்தியானம் ஒன்றரை மணிவாக்கில் உங்கள் செயற்கைக்கோள் பெட்டி மேலே கடக்கும்போது கட்டத்துக்கு ஓர் எண் விழுமாம். அவள் ஒரு மாதத்தை எடுத்தாள், நம் ஊரையும் சுண்ணாம்புக்கல் குவாரியையும் சுற்றி ஐந்து கட்டத்தில் எண் இல்லை, காலி. பக்கத்தில் ஒரு குறி, மேகம் என்று அர்த்தமாம். அடுத்த மாதம் எடுத்தாள், அதே ஐந்து கட்டம், அதே குறி. கோடைக்குப் போனாள், மாரிக்கு வந்தாள், போன வருடம், அதற்கும் முந்தின வருடம். இரண்டு தாளை ஜன்னலில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து எனக்குக் காட்டினாள், ஒரே அளவில் வெட்டிய இரண்டு தலையணை உறை மாதிரி ஓரத்துக்கு ஓரம் பொருந்தியது. போன வருடம் மட்டும் இருநூற்றுத் தொண்ணூற்றொரு நாள் நம் ஊரை மேகம் மூடியிருந்ததாம், மீதி நாளின் அளவு போதாதென்று அதையும் தள்ளியாயிற்றாம். காலியாக விட்டால் படம் ஓட்டையாகத் தெரியுமே, அதனால் இந்தப் பக்கம் பொட்டல்காட்டின் நிறத்தையும் அந்தப் பக்கம் நீர்த்தேக்கத்தின் நிறத்தையும் இழுத்து நடுவில் பூசியாகிவிட்டது. எங்கள் பச்சை அப்படி வந்த பச்சை. எங்களை நீ அளக்கவே இல்லை. அளக்காமலேயே சுத்தம் என்று எழுதினாய்.

போன தடவை வந்தபோது மாடியில் நின்று நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய்? வெயில் கீழே வந்து தரையில் பட்டுத் திரும்பி மேலே போகிறது, போகிற வழியில் ஒவ்வொரு புகையும் தனக்குப் பிடித்த நிறத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது, மேலே போய்ச் சேர்ந்த வெளிச்சத்தில் எது குறைகிறது என்று பார்த்தால் எந்தப் புகை எவ்வளவு என்று தெரிந்துவிடும் என்று. மூட்டையில் போனதுக்கும் திரும்பி வந்ததுக்கும் வித்தியாசம் பார்ப்பதுதானே, இதற்கா இவ்வளவு படிப்பு என்று நான் கேட்டதற்கு விழுந்து விழுந்து சிரித்தாய். மேகம் குறுக்கே வந்தால் வெளிச்சம் அதிலேயே பட்டுத் திரும்பிவிடும், கீழே இருப்பது தெரியாது, அதனால் அந்த நாளைத் தள்ளிவிடுவோம் என்றாய். அது நியாயம். எனக்குப் புரியாதது ஒன்றுதான். இருநூற்றுத் தொண்ணூற்றொரு நாள் மேகம் என்று வந்தபோது உனக்கு ஒன்றும் தோன்றவில்லையா? வேறு ஊர்க்காரன் போட்டிருந்தால் மன்னிப்பேன், அவன் கண்டானா. நீ இந்த மாடியில் பிறந்து வளர்ந்தவன். இங்கே விரித்த துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்று உனக்குத் தெரியும், மழைக்காகத் துணி எடுக்க ஓடியதை ஒரு கை விரலில் எண்ணலாம் என்று தெரியும். என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்காக நாளும் எழுதுகிற நோட்டு, எத்தனை விரிப்பு, எத்தனை மணிக்குக் கொடியில் போட்டது, எத்தனை மணிக்கு எடுத்தது, உள்ளே காயவைத்ததா, மறுபடி துவைத்ததா எல்லாம் அதில் உண்டு. போன வருடம் மழைக்கோ மேகத்துக்கோ பயந்து உள்ளே காயவைத்தது இருபத்திரண்டு நாள். சூளைப் பக்கக் காற்றில் விரிப்பு விறைத்து, கந்தக வாடை ஏறி, மறுபடி துவைத்தது நூற்று நாற்பத்திமூன்று நாள். பதினான்கு வருட நோட்டு என்னிடம் இருக்கிறது. ஒரு நாள் நாற்றம் என்றாயே, அதற்கு இது பதில்.

அப்படியானால் அந்த மேகம் என்ன என்று அக்காவிடம் கேட்டேன். அவள் சொன்னது இதுதான். குவாரி வெள்ளை, கழிவுக் குன்று வெள்ளை, லாரி போகிற ரோடு வெள்ளை, மரத்தின் இலைகூட வெள்ளை. மேலே இருந்து பார்க்கும் உங்கள் புரோகிராம் பளிச்சென்று இருந்தால் மேகம் என்று முடிவு கட்டிவிடுகிறது. ஆக, அழுக்கு ஏற ஏற நாங்கள் அதன் கண்ணுக்குத் தெரியாமல் போகிறோம். தூளை ஊர்முழுக்கக் கொட்டியவன் அந்தத் தூளுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொண்டான், அவன் திட்டம் போட்டுக்கூடச் செய்யவில்லை, தானாக அமைந்தது, நீ ஊர் அறிய அதற்கு முத்திரை குத்தினாய். இதில் என் பங்கும் இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் நான் யோக்கியம் இல்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் மாடிக்கு வெள்ளை அடித்தால் வீட்டுக்குள் சூடு குறையும் என்று நீ எழுதினாய். என் மகன் சொன்னான் என்று வீடு வீடாக ஏறி இறங்கி நானூறு மாடிக்கு அடிக்கவைத்தவள் நான். சுண்ணாம்பை இலவசமாக லாரியில் ஏற்றி அனுப்பியவன் இஸ்திரிச் சட்டை, அன்றைக்கு அவனுக்கு நன்றி வேறு சொன்னேன். அந்த மேகத்தில் ஒரு துண்டு நானே பூசியது. என்மேல் எனக்கு வருகிற கோபத்தையும் சேர்த்துத்தான் உன்மேல் காட்டுகிறேன், தாங்கிக்கொள்.

தெருமுனைத் தையல்காரி இதைக் கேட்டுவிட்டு, அக்கா கவலைய விடுங்க, ஒன்றரை மணிக்கு எல்லார் மாடியிலும் கறுப்புத் துணியை விரிச்சுடுவோம், அப்ப தெரியுதா இல்லையா பாப்போம் என்றாள். உன் அக்கா சிரித்து, ஒரு கட்டமே நம் ஊரைவிடப் பெரிது, நாட்டில் இருக்கிற கறுப்புத் துணியை எல்லாம் கொண்டுவந்தாலும் போதாது என்று சொன்னாள். தையல்காரிக்கு முகம் வாடிப்போயிற்று, நாலு கறுப்புப் பாவாடை வெட்டத் தயாராக இருந்தாள் பாவம். இஸ்திரிச் சட்டை கதையும் கேள். கூட்டத்துக்கு அவன் போட்டுவந்த சட்டை நான் துவைத்துத் தேய்த்தது. அவன் வீட்டு மூட்டை வாரம் இரண்டு தடவை வருகிறது, அதோடு அவன் மனைவி எழுதிய சீட்டும் வரும், பிள்ளைகள் துணியை மாடியில் போட வேண்டாம், உள்ளே மின்விசிறியில் காயவையுங்கள் என்று. மூன்று வருடமாக அந்தச் சீட்டு வருகிறது. பச்சை நிற ஊரில் இருக்கிறவனுக்கு எதற்குப் பயம்? கூட்டத்துக்கு மறுநாளும் மூட்டை வந்தது, சீட்டும் வந்தது, நான் துவைத்து உள்ளேயே காயவைத்துக் கொடுத்தேன், குழந்தைகள் என்ன பாவம் செய்தன. சீட்டுகளை மட்டும் தூக்கிப் போடவில்லை, எல்லாவற்றையும் அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன்.

இப்போது என் கோபத்தின் அடிவேருக்கு வருகிறேன். தவறு எல்லோரும் செய்வதுதான். கணக்கில் கண் தப்பிவிட்டது, ஊரை விட்டுப் போய்ப் பத்து வருடம் ஆகிறது, மறந்துவிட்டாய் என்று நானே உனக்காக வக்கீல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா எல்லாவற்றையும் எழுதி உனக்கு அனுப்பினாள் அல்லவா, அதற்கு நீ அனுப்பிய பதிலை வாசித்துக் காட்டினாள். மேகத்தைத் தள்ளும் வடிகட்டி பொதுவாக எல்லோரும் வைப்பதுதான், காலிக் கட்டத்தை நிரப்பிய முறை மட்டும் என்னுடையது, நீ சொல்வது சரியாக இருக்கலாம், பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாய். அதுவரை சரி. கடைசி வரி என்ன? "இப்போதைக்கு யார்கிட்டயும் சொல்ல வேண்டாம், அடுத்த மாசம் என் வேலை நீட்டிப்பு வருது." அக்கா அந்த வரியை வாசிக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள், அப்பா காதில் விழக்கூடாது என்று. எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுக்க இருபத்தெட்டாம் தேதி கடைசி. அடுத்த மாதம் நீ நிதானமாகப் பார்த்துத் திருத்துவதற்குள் இங்கே அஸ்திவாரம் தோண்டிவிடுவார்கள். இது உனக்குத் தெரியும். தெரிந்து எழுதினாய்.

உன் வேலை எனக்குப் பெரிதில்லை என்று நினைக்காதே. உன் தலைவர் கோபித்துக்கொள்வார், படம் வந்த உன் கட்டுரையைத் திரும்ப எடுக்க வேண்டிவரும், கூட இருப்பவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள், ஒருவேளை நீட்டிப்பே கிடைக்காமல் போகலாம். எல்லாம் யோசித்துவிட்டுத்தான் கேட்கிறேன். நீ பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது ஆஸ்பத்திரி வேலை ஆறு மாதம் நின்றுபோயிற்றே, ஏன் என்று உனக்கு நாங்கள் சொல்லவில்லை. ஒரு நாள் அவசரத்தில் விரிப்புகளைக் கடைசி அலசு அலசாமல் அனுப்பிவிட்டேன், பிளீச்சிங் தூள் தங்கிவிட்டது. ஆபரேஷன் ஆன ஓர் அம்மாளுக்கு முதுகெல்லாம் கொப்பளம். அவர்கள் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மருந்தை மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. மூட்டை எடுக்கப் போனபோது அந்த அம்மாள் குப்புறப் படுத்து முனகுவதைப் பார்த்தேன். நேராக நர்ஸம்மாவிடம் போய், மருந்தில்லை, என் விரிப்புதான் என்று சொன்னேன். அவர்கள் என் கையில் வேலையைக் கொடுக்க ஆறு மாதம் ஆயிற்று, நீ பரீட்சைக்குப் பழைய செருப்போடு போனாய். சொன்னதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. எனக்கு நோட்டும் கடிதமும் எழுதும் அளவுக்குத்தான் படிப்பு, உனக்கு இவ்வளவு படிப்பு, உன்னால் முடியாது என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

நீ செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. இந்தப் படத்தில் இந்த ஐந்து கட்டமும் அளக்கப்படாதவை, இங்கே பச்சை என்று போட்டது என் பிழை, இதை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அந்த அதிகாரிக்கு அனுப்பு, நகலை அக்காவுக்கு அனுப்பு. ஊர் மோசம் என்று நீ எழுதக்கூட வேண்டாம், தெரியாது என்பதைத் தெரியாது என்று எழுது, அது போதும், மீதியை என் நோட்டும் அக்காவின் நாலு பக்கமும் அந்தச் சீட்டுக்கட்டும் பார்த்துக்கொள்ளும். நோட்டில் மூன்று வருடத்துப் பக்கங்களை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், உன் காலிக் கட்டங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார். வெள்ளைத் துணியில் வெள்ளைக் கறை இருக்கிறதா என்று நேராகப் பார்த்தால் தெரியாது, சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று உனக்கு ஆறு வயதில் சொல்லியிருக்கிறேன். உங்களிடமும் சாய்த்துப் பார்க்க ஏதாவது வழி இருக்கும், உயரத்தைப் பார், சூட்டைப் பார், எதையாவது பார். ஒன்றும் இல்லை என்றால் ஒரே ஒரு கேள்வி கேள், நகராத மேகம் எங்கேயாவது உண்டா என்று. அப்புறம் எழுதும்போது அவசரப்படாதே, உட்கார்ந்து நிதானமாக எழுது, இடுப்புக்கு ஒரு தலையணை வைத்துக்கொள், குளிர் ஏறுகிறதாமே அங்கே, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அப்பாவிடம் எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன், கடைசி வரியை மட்டும் சொல்லவில்லை, அந்த ஒன்றை மறைத்ததற்கு என்னை யாரும் குறை சொல்ல முடியாது. மறுநாள் காலையில் பார்த்தால் டி.வி.க்கு மேலே சுவர் காலி, படம் கட்டிலுக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது. அந்த மூச்சோடு எப்படித்தான் ஸ்டூலில் ஏறி எடுத்தாரோ. சுவர் அசிங்கமாக இருக்கிறது, ஆணியையும் பிடுங்கிவிடுங்கள் என்று சொன்னேன். "ஆணி இருக்கட்டும். சின்னவன் சரியான படம் அனுப்புவான்," என்றார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அவருக்கு இருக்கிற நம்பிக்கையில் பாதி எனக்கு இருந்தால் நான் இவ்வளவு நீளம் எழுதியிருக்க மாட்டேன். இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் வரைக்கும் ஆணி அங்கேயே இருக்கும். அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும் நானே ஏறிப் பிடுங்கிவிடுவேன், சுத்தியலை எடுத்து அலமாரியில் வைத்தாயிற்று.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும், உடம்பு நோகாமல், தலை குனியாமல் இருக்க வேண்டும். முன்னதைவிடப் பின்னது முக்கியம் என்று இந்தத் தடவை சொல்கிறேன். அப்பாவின் ஆசி உனக்கு எப்போதும் உண்டு, என்னுடையதும் உண்டு, கோபத்தில் சொன்னாலும் அது ஆசிதான். அக்கா கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். இருபத்தெட்டு, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் மேல் தீராத கோபத்தோடும் தீராத அன்போடும்,
அம்மா

பி.கு.: கடைசிப் பக்கத்தை மாடியில் வைத்துத்தான் எழுதினேன், ஆஸ்பத்திரி விரிப்பு நாற்பது கொடியில் கிடக்கிறது, எடுக்க வந்தேன். மணி இப்போது சரியாக ஒன்றரை, இன்று பதினோராம் தேதி. உன் பெட்டி என் தலைக்கு மேலேதான் போய்க்கொண்டிருக்கும். நான் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், வானத்தில் ஒரு பஞ்சுத் துண்டுகூட இல்லை. கடிதம் கிடைத்ததும் இன்றைய தேதிக்கு அது என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துப் பார்.